நான் வாசல் தாண்டினால் சிதம்பரத்தில் டிவி அணையும்

வெளியே கிளம்பும்போது வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறவள் பொறுப்பானவளா, திமிர் பிடித்தவளா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. என் அம்மா வீட்டில் இதற்குப் பொறுப்பு என்று பெயர். புகுந்த வீட்டில் வேறு பெயர். அதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நான் கணிதத்தில் முதுகலை. ஆனால் வீட்டைப் பூட்டுகிற விஷயத்தில் என் படிப்பு ஒரு காசுக்கும் உதவாது. சிலிண்டரை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஜாதி நான். ஒருமுறை அயர்ன் பாக்ஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து பஸ்ஸிலிருந்தே இறங்கி ஓடி வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அயர்ன் பாக்ஸே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. (நாங்கள் இஸ்திரி கடையில் கொடுக்கிறவர்கள்.) பிறந்து வளர்ந்தது கடலூர். வானம் லேசாகக் கறுத்தாலே முதலில் பிளக்கைப் பிடுங்குவோம், அப்புறம்தான் பால் பாக்கெட் வாங்க ஓடுவோம். அந்தப் பழக்கம் என்னிடம் கொஞ்சம் முற்றிவிட்டது.

கல்யாணமாகிப் போனது சிதம்பரத்துக்கு. மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று ஒரே வீடு. பாப்பா பிறந்த பிறகு, என் கணவர் செந்திலுக்குக் கடலூர் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வந்ததால், நாங்கள் அங்கேயே மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு வந்தோம். இதற்குப் பெயர் தனிக்குடித்தனம் இல்லை என்று என் மாமியார், அதாவது அத்தை, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு விளக்கினார். அதை நிரூபிக்க வழி ஒன்று தேவைப்பட்டது. அந்த வழியைக் கண்டுபிடித்தவன் கொழுந்தன் பிரபு. சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கலாம் என்று நம்புகிறவன்.

கடலூர் வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனா மாட்டி, பெட்டியில் கார்டு செருகி, மாதச் சந்தா கட்டி நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபு வந்து அந்தக் கார்டை உருவி, தான் கொண்டுவந்த வேறொரு கறுப்புப் பெட்டியில் செருகினான்.

“அண்ணி, கார்டு இங்க இருக்கும். சிதம்பரத்துல அம்மா பாத்துக்குவாங்க.”

“எப்படிப்பா? இங்க இருந்து அங்க படம் அனுப்புவியா?”

“படத்த நான் எதுக்கு அனுப்பணும்? படம் வானத்துல இருந்து எல்லார் தலையிலயும் கொட்டினுதான் இருக்கு. அத வாங்க அங்கயும் டிஷ்ஷு இருக்கு. பூட்டுப் போட்டுக் கொட்டறான், அவ்ளோதான். சாவி உங்க கார்டுல இருக்கு. சும்மா சும்மா சாவிய மாத்தினே இருப்பான். மாத்த மாத்த இந்தப் பாக்ஸு புதுச் சாவிய நெட்டு வழியா நம்ம வூட்டுக்கு அனுப்பிடும். ரெண்டு வூட்டுலயும் படம் ஓடும்.”

சங்கேதக் கணிதம் எனக்குக் கல்லூரியில் ஒரு பாடம். பகா எண்களை வைத்துப் பூட்டும் சாவியும் செய்கிற அழகைக் கண்டு நான் நிஜமாகவே கண் கலங்கியிருக்கிறேன். அது கடைசியில் அத்தையின் சீரியலுக்காக என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

“இது திருட்டு இல்லையா பிரபு?” என்றேன்.

போனில் கேட்டுக்கொண்டிருந்த அத்தைதான் பதில் சொன்னார். “குடும்பம் ஒண்ணா இருக்கும்போது கார்டு எதுக்கும்மா ரெண்டு?”

இதற்கு மேல் நான் பேசினால் குடும்பம் இரண்டு என்று நான் சொன்னதாக ஆகும். போகும்போது பிரபு ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னான்: “அண்ணி, எத வேணா அணைங்க. இந்தப் பாக்ஸையும் நெட்டையும் மட்டும் அணைச்சிராதீங்க.”

என்னிடம் போய் இதைச் சொன்னான்.

மறுநாள் மீன் வாங்கக் கிளம்பினேன். வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்தேன். கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. சூடாக ஒரு பொருளை வீட்டில் விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அதையும் அணைத்தேன். மீன்காரம்மா சங்கரா மீனைத் தராசில் போடுவதற்குள் போன்.

“டிவி பூட்டுது. எங்க போயிருக்க?” (அந்த வீட்டுப் பேச்சில் ‘பூட்டுது’ என்றால் போய்விட்டது என்று அர்த்தம்.)

“மீன் வாங்க அத்தை.”

“பாப்பா?”

“கையிலதான் இருக்கா.”

“சரி, சீக்கிரம் வூட்டுக்குப் போ. கோர்ட்டு சீன் ஓடினு இருக்குது.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. நாளாக ஆகத்தான் புரிந்தது. நான் கதவைப் பூட்டினால் சிதம்பரத்தில் கட்டணச் சேனல்கள் கறுக்கும். நான் திரும்பி வந்தால் வெளுக்கும். என் போக்குவரத்து அந்த வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் படிக்கவும் கற்றுக்கொண்டார். கொஞ்ச நேரம் போனால் மளிகை, அதிகமாகப் போனால் கோயில், இன்னும் போனால் “உங்க அம்மா வூட்டுக்குப் போனியா?” தவறவே மாட்டார். மருமகளைக் கண்காணிக்கப் போனில் என்னென்னவோ ஏற்றி வைக்கிற மாமியார்கள் உண்டாம். என் அத்தை அப்படிப்பட்டவர் இல்லை, சத்தியமாக. அவருக்கு வேண்டியது சீரியல். நான் அதோடு வந்த இலவச இணைப்பு.

பெட்டியை ஓடவிட்டுப் போகவும் முயன்றேன். ஒருமுறை தைரியமாகத் துணிக்கடை வரை போனேன். அங்கே ஒவ்வொரு புடவையிலும் எனக்கு நெருப்புதான் தெரிந்தது. கடைசியில் சீரியல்களின் நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, அத்தை மத்தியானம் கண் அசருகிற நேரத்தில் மட்டும் வெளியே போய்வரப் பழகினேன். தக்காளி வாங்கக்கூட ஒரு விதவைக் கதாநாயகியின் சொத்து வழக்கு எப்போது முடியும் என்று பார்த்துத்தான் செருப்பு மாட்டுவேன். (முதுகலைப் பட்டம் வாங்கியவள். தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்த நிலையில்தான் அந்த நேர்முகத் தேர்வு வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. கணித ஆசிரியை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வேலைக்குப் போக எனக்கு எவ்வளவு ஆசை என்பதை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். “பாப்பா பள்ளிக்கூடம் போவட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார் மாமா. “அம்மாகிட்ட பேசறேன்” என்பார் என் கணவர். பேசுவார்தான். மழை, உரம், கிரிக்கெட் எல்லாம் பேசுவார். அதனால் இந்த முறை யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். தேர்வானால் சொல்லிக்கொள்ளலாம், ஆகாவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை என்று ஒரு கணக்கு. கணக்கு சரிதான். நாள்தான் தப்பாக வந்தது.

அன்றைக்கேதான் நாத்தனார் கவிதாவைப் பெண் பார்க்கப் புவனகிரியிலிருந்து வருவதாக முடிவாகியிருந்தது. மூத்த மருமகள் அங்கே இருந்து பஜ்ஜி போட வேண்டும். நான் அத்தைக்குப் போன் செய்து, என் வாழ்க்கையின் மிக மோசமான பொய்யைச் சொன்னேன்.

“பாப்பாவுக்கு லேசா ஜுரம் அடிக்குது அத்தை.”

பாப்பா அப்போது கட்டில் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மேல் பொய் சொல்லிவிட்டோமே, உண்மையாகவே வந்துவிடுமோ என்று தெர்மாமீட்டரும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தேன். வரவில்லை. வராததும் ஒரு மாதிரி உறுத்தலாகத்தான் இருந்தது.

அத்தை நல்லவர். “நீ வர வேணாம், புள்ளயப் பாத்துக்க” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பின்னாலேயே பிரபுவின் போன். “அண்ணி, நீங்க வூட்லதான் இருக்கப் போறீங்க, இருந்தாலும் சொல்றேன். அந்தப் பாக்ஸ அணைச்சிராதீங்க. மாப்பிள்ளையோட அப்பா புவனகிரில கேபிள் ஆபரேட்டர். நாளைக்கு மேட்ச் இருக்கு, கண்டிப்பா போடச் சொல்லுவாரு. நடுவுல பூட்டுதுன்னா அந்தாளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல.”

“அணைக்கவே மாட்டேன்பா” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

காலையில் இவர் ஷிப்டுக்குப் போனார். பாப்பாவைப் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவிடம் விட்டேன். “நல்லபடியா முடிச்சுட்டு வா, நான் மாதாகிட்ட சொல்லி வெக்கிறேன்” என்று என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். பட்டுமில்லாத பருத்தியுமில்லாத ஒரு புடவை, கையில் சான்றிதழ் ஃபைல். பெட்டி ஓடிக்கொண்டிருக்க, கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டேன். இதுவே என் சாதனை.

தெருமுனையில் யாரோ குப்பை கொளுத்தியிருந்தார்கள்.

குப்பைதான். கண்ணால் பார்த்தேன். எரிவது தேங்காய் மட்டையும் பழைய பையும் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் மூக்கு சொன்னதை மனசு கேட்டது. கறுப்புப் பெட்டி, அதன் மேல் திரைச்சீலை, திரைச்சீலைக்குப் பின்னால் பாப்பாவின் கட்டில். பாப்பா கட்டிலில் இல்லை, பிலோமினா அக்கா வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள் என்ற தகவல் எனக்கு எந்தப் பயனும் தரவில்லை. திரும்பி ஓடினேன். அணைத்தேன். கட்டணமில்லாத சேனல் ஏதாவது பார்த்துக்கொள்ளட்டுமே, ஒரு மணி நேரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். போனைச் சத்தமில்லாமல் செய்து பையில் போட்டேன்.

சிதம்பரத்தில் நடந்தது பிறகு கவிதா எனக்குச் சொன்னது. பெண் பார்க்க வந்த இடத்தில் தன்னை ஒருவருமே பார்க்கவில்லை என்ற வருத்தத்தோடு சொன்னாள்.

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றும்போதே மாடியிலிருக்கும் டிஷ்ஷை அண்ணாந்து பார்த்து, “ஓ, டிஷ்ஷா” என்றாராம், போலி டாக்டரிடம் மருந்து சாப்பிடுகிறவரை நிஜ டாக்டர் பார்ப்பது போல. அப்புறம் எதிர்பார்த்தபடியே மேட்ச் கேட்டார். போட்டார்கள். பஜ்ஜி வந்தது. ஆட்டம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பந்து வீசுகிறவன் ஓடிவருகிறான், மாமா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்திருக்கிறார். திரை கறுத்தது.

அத்தைக்கு அது இத்தனை நாள் பழக்கம். யோசிக்காமல் வாயில் வந்தது.

“அவ வெளிய பூட்டா.”

“யாரு?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“பெரிய மருமவ.”

கேபிள்காரர் மெதுவாகத் திரும்பினார். “பெரிய மருமவ கடலூர்ல இருக்கறதா சொன்னீங்க?”

“ஆமா.”

“அவுங்க கடலூர்ல வெளிய போனா, இங்க எப்பிடிங்க டிவி போவும்?”

அந்த நேரத்தில் பிரபுவின் போன் அடித்தது. கிள்ளையிலிருந்து அவனுடைய அத்தை. அவர் பேசினால் போனே தேவையில்லை, அவ்வளவு குரல். “டேய் பிரபு, உங்க அண்ணி எங்கடா போனா? எங்களுக்கும் மேட்ச் பூட்டுதுடா!” அதை அவசரமாக அணைத்தால் உடனே மங்கலம்பேட்டையிலிருந்து அவன் சிநேகிதன். “மச்சான், அண்ணி கெளம்பிட்டாங்களா? எப்ப வருவாங்க?”

(என் சாவி மங்கலம்பேட்டை வரை போகிறது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். நான் முகம்கூடப் பார்த்திராத ஓர் ஆண்மகன், நான் எப்போது வீடு திரும்புவேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.)

கேபிள்காரர் விரல் மடக்கினார். “சிதம்பரம், கிள்ளை, மங்கலம்பேட்டை. தம்பி, நானே இவ்ளோ பெரிய ஏரியா வெச்சினு இல்ல.”

சிரித்தாராம். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்களாம். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அத்தைதான் திடீரென்று எழுந்து நின்றார். “பாப்பாவுக்கு ஜுரம்னாளே! ஜுரத்தோட புள்ளய எங்க இட்டுனு போறா?”

எனக்குப் போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. ஜுரம், டிவி இல்லை, போன் எடுக்கவில்லை. மூன்றையும் கூட்டி அத்தை ஆஸ்பத்திரி என்று விடை கண்டார். கணிதம் படிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பெனிக்குப் போன் போட்டு இவரை வெளியே வரவழைத்தார்கள்.

அப்போது நான் பள்ளியில், தாளாளர் அம்மாவும் இரண்டு மூத்த ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்த மேஜைக்கு எதிரே, வாழ்க்கையிலேயே மிக நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். அன்றாட வாழ்வில் கணிதம் பற்றி மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கைவசம் இருந்த அன்றாட வாழ்வு ஒன்றுதான். வானத்திலிருந்து பூட்டி அனுப்புகிற படம், கார்டுக்குள் இருக்கும் ரகசியம், மாறிக்கொண்டே இருக்கும் சாவி என்று கரும்பலகையில் வரைந்து தள்ளினேன். தாளாளர் அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

“அப்ப ஒரு கார்டு இருந்தா, சாவிய இன்னொரு வீட்டுக்கு அனுப்பிட முடியுமா?” என்றார் ஓர் ஆசிரியர்.

“முடியும் சார்.”

“செய்யலாமா?”

“செய்யக்கூடாது சார், தப்பு. எங்க வீட்ல செய்றோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. நல்லவேளை, நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியர்த்தது.

“பாடம் ரொம்ப நல்லா எடுக்கறீங்கம்மா” என்றார் தாளாளர். “சின்னக் குழந்தை இருக்குன்னு போட்டிருக்கீங்க. வீட்ல சம்மதமா? நடுவருஷத்துல விட்டுட்டுப் போனா பிள்ளைங்கதான் கஷ்டப்படும்.”

“முழுச் சம்மதம் மேடம். எல்லாரும் சேர்ந்துதான் அனுப்பி வெச்சாங்க.”

கதவு திறந்தது. கம்பெனிச் சட்டை, தலையில் ஹெல்மெட், மூச்சு வாங்க என் கணவர் நின்றார். பிலோமினா அக்கா வீடு பூட்டியிருந்திருக்கிறது. (அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எனக்காக ஜெபிக்கக் கோயிலுக்குப் போயிருந்தார். மாதாவிடம் சொல்லி வைக்கப் போன அந்த நேரம்தான் எனக்கு வினையாக வந்தது.) எதிர்வீட்டில் யாரோ, ஃபைலோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பாப்பா எங்க சுகந்தி? ஜுரம்னு அம்மாகிட்ட சொன்னியாமே, இங்க என்ன பண்ற? பாப்பா எங்க?” என்று கேட்டார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தார்.

“அக்காகிட்ட நல்லாத்தான் இருக்கா. ஜுரமெல்லாம் இல்ல” என்றேன்.

தாளாளர் அம்மா என் ஃபைலை மூடி, என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். “வீட்ல பேசி முடிச்சுட்டு வாங்கம்மா” என்றார். கோபமே இல்லாத குரல். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. கரும்பலகையில் நான் வரைந்த சாவி அப்படியே இருந்தது. அழித்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். அதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அன்று மாலையே சிதம்பரத்தில் விசாரணை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா மட்டும் ஜுரமில்லாத உடம்போடு ஒவ்வொரு மடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“அவ்ளோ சொன்னேனே அண்ணி, அணைக்காதீங்கன்னு” என்றான் பிரபு.

“எங்க உயிரே எங்ககிட்ட இல்லம்மா” என்றார் அத்தை. அது உண்மை. அவர் கண் வீங்கியிருந்தது.

“வேலைக்குப் போவணும்னா எங்ககிட்ட கேட்டிருக்கலாமே” என்றார் மாமா. நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

ஊரெல்லாம் பகிர்ந்த கார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது பிரபுவின் கெட்டிக்காரத்தனம். மூன்று ஊர்க்காரர்கள் திருட்டுத்தனமாக டிவி பார்த்தது தப்பில்லை, நான் என் வீட்டு ஸ்விட்சைத் தொட்டதுதான் தப்பு. பொய் சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் அன்று பொய் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும்தானா என்று அடிக்கடி தோன்றும். உடனே, ஒருவேளை நான்தானோ என்றும் தோன்றும்.

கவிதாவின் கல்யாணம் நடந்தது. கேபிள்காரர் சம்மதித்துவிட்டார். “இவ்ளோ சிரிக்க வெக்கிற குடும்பத்த உடக்கூடாது” என்றாராம். சம்பந்தியான கையோடு அவரே ஆள் அனுப்பி சிதம்பரம் வீட்டுக்கு முறையான இணைப்பு கொடுத்தார். பிரபு கறுப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். இப்போது நான் வெளியே போனால் அங்கே எதுவும் அணைவதில்லை. போன் மட்டும் வருகிறது. “எங்க இருக்க? சும்மாதான் கேட்டேன்.”

அந்தக் கதைக்கு மட்டும் யாரும் பூட்டுப் போடவில்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனபோது, இருட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்: “பெரிய மருமவ இன்டர்வியூவுக்குக் கெளம்பிட்டாங்க!” மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து மின்வெட்டு, சிக்னல் கோளாறு, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, எதுவானாலும் எங்கள் வகையறாவில் காரணம் நான்தான். போன மாதம் விளக்கு அணைந்தபோது பாப்பா சொன்னாள்: “அம்மா இன்டர்வியூ போயிட்டாங்க.” நான் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊட்டுகிற கைதான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமா சொன்ன அந்த “அப்புறம்” வந்துவிட்டது, ஆனால் அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அதே பள்ளியில் மறுபடி கணித ஆசிரியை கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பித்தேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே தாளாளர் அம்மாதான். “வீட்ல சம்மதமா?” என்ற அந்தக் கேள்வியை மறுபடி கேட்பார்.

முன்கூட்டியே சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் வேண்டாம் என்பார்கள். சொல்லாமல் போனால் தேர்வாகி வந்தாலும், “பாத்தியா, மறுபடியும்” என்பார்கள். இவரிடம் மட்டும் சொல்லலாமா என்றால், அவர் அம்மாவிடம் பேசுவதாகச் சொல்வார். இந்த மாதிரி இடத்தைக் கடந்து வந்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். போய்விட்டு வந்து சொன்னீர்களா, சொல்லிவிட்டுப் போனீர்களா? எப்படி ஆரம்பித்தீர்கள், முதல் வாக்கியம் என்ன? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் வேண்டும்.